ஜொகூர் கரையோரம் – 4: திரும்பும் தண்ணீர்

கோத்தா திங்கியிலிருந்து விடிகாலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். சாலையின் இருபுறமும் செம்பனை, அதற்கப்பால் இருட்டு. காடியை ஓட்டியவர் நண்பரின் உறவினர். ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், எனக்கு அண்ணே.

"பொழுது விடிய ஏழாகும் தம்பி, பசியாறிட்டே போலாமே" என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். 1982 பிறந்தபோது மலேசியத் தீபகற்பம் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளிக்கொண்டது. ஜூன் மாதத்தில் சென்னைக்காரனுக்கு இங்கே சூரியன் ஒரு மணி நேரத்துக்கு மேல் சோம்பேறி. ஆனால் எழத் தொடங்கிவிட்டால் அவசரக்காரன். நிலநடுக்கோடு பக்கத்திலேயே இருப்பதால் நேர்குத்தாக ஏறிவிடுகிறான். பாறைகள் கண்ணுக்குப் புலப்பட்டு இருபது நிமிடத்தில் உதயமே முடிந்துவிடும். அதற்குள் இடம் தேட முடியாது. முன்பே தேடி வைத்திருக்க வேண்டும். ரொட்டி சானாயைத் தள்ளிப்போட்டோம்.

டெசாருவை ஒட்டிய தஞ்சோங் பாலாவ் ஒரு மீனவக் கம்பம். எதிரே தென்சீனக் கடல். சென்ற வாரம் எழுதிய குக்குப்பில் மரக்கால் வீடுகளே படத்துக்குச் சட்டம் போட்டுக் கொடுத்தன. இங்கே அந்தச் சலுகை இல்லை. பாறை, தண்ணீர், வானம், அவ்வளவுதான்.

டிரைபாடைத் தாழ்த்தி வைத்து, தொடுவானத்தை நட்ட நடுவில் நிறுத்தி, முப்பது நொடி ஷட்டரைத் திறந்துவைத்தேன். ஜப்பானியரான ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகக் கடல்களை இப்படிப் பாதிக்குப் பாதி பிளந்துதான் எடுத்துவருகிறார் என்ற தைரியம். அவர் படத்தில் கரையும் இல்லை, பாறையும் இல்லை என்பதை வசதியாக மறந்திருந்தேன். கோடு ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் கோடு நடுவில் இருந்தால் அது தீர்மானம். என் படத்திலோ பாறைகள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக் கறுப்புத் திட்டாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றிலும் வெள்ளை.

அண்ணே கேமராத் திரையை எட்டிப் பார்த்தார். "கடல் எங்க தம்பி? மாவு கரைச்சு ஊத்துன மாதிரி இருக்கு."

நீண்ட நேரப் படத்தின் சிக்கலே அதுதான். அலையையும் நுரையையும் கேமரா துடைத்துவிடும். அசையாதது மட்டுமே மிஞ்சும். அலையின் ஆர்ப்பாட்டத்தில் மறைந்திருந்த அமைப்புக் குறையெல்லாம் அம்மணமாக நிற்கும். வெறும் பாறைகளும் கோடும் மட்டும் இருந்தால் இந்தப் படம் தாங்குமா என்று எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

டிரைபாடை மடக்கி, கேமராவைக் கையில் பிடித்தபடி நடந்தேன். முட்டி உயரத்தில் ஒட்டிக் கிடந்த இரண்டு பாறைகள் தலை உயரத்தில் விலகின. நடுவே தண்ணீர் தெரிந்தது. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்ததும், தொடுவானத்தைக் குத்திக்கொண்டிருந்த முனை கீழிறங்கியது. சிங்கப்பூர் நீரிணையை நோக்கிப் போகும் கப்பலொன்று ஓரத்தில் வெளிச்சப் புள்ளியாக இருந்தது. அதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளினேன். முப்பது நொடியில் அது கீறலாக மாறிக் கண்ணை இழுத்துவிடும்.

அப்போதுதான் அண்ணே காலடியைக் காட்டினார். பாறையில் நீளமான வெடிப்பு, கடலை நோக்கிக் கோணலாக ஓடியது. "வர்ற தண்ணிய எல்லாரும் பார்ப்பாங்க. போற தண்ணியப் பாருங்க."

அலை ஏறும்போது அந்த வெடிப்பு நுரையில் மூழ்கிவிடுகிறது. பின்வாங்கும்போது நுரை முழுவதும் அந்த வழியாகவே இழுபட்டு வெள்ளை நூல்களாகக் கடலுக்குள் போகிறது. பார்வையைக் கரையிலிருந்து கடலுக்குக் கூட்டிப்போகும் கோட்டைத் தண்ணீரே வரைந்து தருகிறது. அதற்கு முப்பது நொடி ஆகாது, நூல் பஞ்சாகிவிடும். சூரியன் மேலே வந்திருந்தது. 1/125 நொடி வெளிச்சத்துக்கு, ஒளியை 64 மடங்கு குறைக்கும் என்டி ஃபில்டரைப் போட்டால் அரை நொடி கிடைக்கும். அலை திரும்பத் தொடங்கிய கணத்தில் ரிமோட்டை அழுத்தினேன். பிந்தினால் வெறும் பாறை, முந்தினால் மறுபடியும் மாவு.

நாற்பதுக்கு மேல் எடுத்தேன். ஒன்று தேறியது. அதில் தொடுவானம் மேலிருந்து கால்பங்கில் இருக்கிறது. வானத்தில் அன்று சொல்லும்படி ஒன்றுமில்லை, அதற்கு எதற்கு இடம்?

ஒன்பது மணிக்குப் பசியாறினோம். அண்ணே தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப கடல் தெரியுது" என்றார்.

அடுத்த வாரம் மெர்சிங். அதற்குள் இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு: ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலம். அந்த மாதங்களில் இந்தப் பாறைகள்மேல் ஏறாதீர்கள்.