எழுத்து அழியாத சோப்பு

மதுரை, 22-3-2020, ஞாயிறு

ஜனதா ஊரடங்கை முன்னிட்டுத் தெருவே ஓய்ந்து கிடந்த காலை வேளையில், எதிர்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் நின்றபடி, பதினான்கு மணி நேரம் ஜனங்கள் வெளியே தலைகாட்டாதிருந்தால் தங்க இடமின்றிக் கொரோனாக் கிருமி தானாகவே மடிந்துவிடும் என்று, கைப்பேசியில் யாரோ அனுப்பியதை எனக்கு உபதேசித்தார். கிருமிக்குச் சத்திரம் மனித சரீரமே என்பதையும், அந்தச் சத்திரத்தைத்தான் நாம் வீட்டுக்குள் பத்திரமாகப் பூட்டி வைத்திருக்கிறோம் என்பதையும் எடுத்துச் சொன்னேன், ஆமோதித்தார். ஆமோதித்தவரே மாலை ஐந்து மணிக்குத் தாம்பாளமும் கரண்டியுமாக இறங்கிப்போய், தெருமுனையில் தோளோடு தோள் உரச நின்ற கூட்டத்தில் தாமும் ஒருவராகத் தட்டினார்.

25-4-2020, சனி

நாளை முதல் நான்கு நாள் சென்னை, கோவை, மதுரை நகரங்களில் முழு ஊரடங்கு என்று அறிவித்தாலும் அறிவித்தார்கள், கூட்டத்தைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு இன்றைக்கே கடைத்தெருவில் ஒரு திருவிழாவைக் கூட்டிவிட்டது. மளிகைக்கடை வாசலில் ஒரு வாளித் தண்ணீர், செம்பு, ஸ்டூலின்மேல் புதுச் சோப்புக் கட்டி. எனக்கு முன்னால் நின்ற இளைஞரிடம், "சோப்பு எதற்குத் தம்பி?" என்று கேட்டேன். கிருமியைச் சுற்றிக் கொழுப்பு உறை ஒன்று உண்டென்றும், சோப்பு அதைக் குலைத்துவிடுமென்றும், இருபது விநாடியாவது தேய்க்க வேண்டுமென்றும், வைத்தியக் கல்லூரி மாணவரும் நாணும்படி விவரித்தார். அதற்குள் முறை வந்துவிடவே, செம்புத் தண்ணீரைச் சிறிது விரல்நுனியில் விட்டுத் தர்ப்பணம் செய்கிறவர்போல் உதறிக்கொண்டு உள்ளே போனார். இவரை அஞ்ஞானி என்று யார் சொல்ல முடியும்?

4-5-2020, திங்கள்

மீனாட்சி திருக்கல்யாணம் இவ்வருஷம் ஜனங்களில்லாமல் நடந்தது. அழகர் வைகையில் இறங்குவதும் இல்லை. அவரவர் வீட்டிலேயே திருமாங்கல்யக் கயிறு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தும், பக்கத்து வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் தொலைக்காட்சிக்கு முன் கூடிவிட்டார்கள். வாசல்வரை முகக்கவசத்தோடு வந்தவர்கள், உள்ளே நுழைந்ததும் அதைக் கழற்றி இடுப்பில் செருகினார்கள். ஜாடையாகக் கேட்டேன். "எல்லாம் நம்ம ஆளுகதானே பெரியப்பா!" என்றாள் தம்பி மகள். வியாதி அந்நியரிடமிருந்தே வரும், உறவுக்காரரிடமிருந்து பலகாரம்தான் வரும் என்பது இவர்களுடைய சித்தாந்தம்; கபசுரக் குடிநீர் வேறு குடித்தாயிற்று.

23-6-2020, செவ்வாய்

இன்று நள்ளிரவு முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. அதே மளிகைக்கடையில், அதுவரை ஒழுங்காகக் கவசம் தரித்து நின்ற கிழவர், முதலாளியிடம் பேச வாயெடுத்ததும் அதை மோவாய்க்கு இறக்கினார். பெரிய மனிதரைக் கண்டால் தோள்துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்ட தலைமுறையின் கை அது. "வாயை மூடிக்கிட்டுப் பேசுனா மரியாதையா இருக்குமா?" என்றார் என்னிடம். இதை அலட்சியம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. எச்சில் திவலை பேசும்போதுதான் அதிகம் தெறிக்கிறது, ஆகையால் பேசும்போதுதான் கவசம் அத்தியாவசியம் என்பதை, நாள்தோறும் எங்கள் தெருவில் "முகக்கவசம் அணியுங்கள்" என்று முழங்கிப்போன வண்டி ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்கு இதை நான் விளக்கிச் சொல்லி முடித்த பிறகே, என் கவசமும் மோவாயில் தொங்குவதைக் கண்டேன்.

வெளியே வந்து கை கழுவப் போனேன். வாளி வறண்டிருந்தது. ஏப்ரலில் பார்த்த அதே சோப்பு ஸ்டூலின்மேல் வெயிலில் வெடித்துக் கிடந்தது. அதில் பொறித்திருந்த பெயரில் ஓரெழுத்தும் தேயவில்லை.