சேதுவின் மணல்

இராமேசுவரத்துக் கடலில் சங்கற்பம் செய்து எடுத்த மணலைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, கங்கா தீர்த்தத்தைச் செம்பில் அடைத்துக் கொணர்ந்து இராமநாத சுவாமிக்கு அபிஷேகம் செய்வித்தால்தான் காசி யாத்திரை பூர்த்தியாகும் என்பது முன்னோர் வகுத்த நியமம். அந்த நியமத்தை அறிந்துதானோ என்னவோ, இராமேசுவரத்துக்கும் பனாரஸுக்கும் இடையே வாரம் ஒரு முறை நேராக ஓர் எக்ஸ்பிரஸ் வண்டி ஓடுகிறது. வடக்கே போகையில் ஏறும் மணலும் தெற்கே வருகையில் ஏறும் ஜலமும் சீட்டுப் பரிசோதகரின் ஜாபிதாவில் இடம்பெறாத பிரயாணிகள்.

பாம்பனை இரவில் கடந்தோம். 1914-இல் திறந்த பழைய பாலம் பக்கத்தில் வெறுமையாகக் கிடக்க, 2025-இல் திறந்த புதிய பாலத்தின்மீது வண்டி சென்றது. கடல் கண்ணுக்குத் தெரியவில்லை; உப்புக் காற்று மட்டும் முகத்தில் பிசுபிசுத்தது.

எதிர் இருக்கையில் காரைக்குடிப் பக்கத்து முதிய தம்பதியர். ஆச்சியின் மடியில் மஞ்சள் துணியில் முடிந்த சிறு மூட்டை. அதைத் தரையில் வைக்கலாகாது என்ற கட்டுப்பாட்டினால், அவர் கண்ணயரும்போது கணவரும், கணவர் உணவருந்தும்போது அவருமாக மாறி மாறித் தாங்கி வந்தார்கள். ஆறு வருவது ஆச்சிக்கு எப்படியோ தெரிந்துவிடும். பாலத்தில் சக்கரத்தின் ஓசை மாறியதுமே சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு காசை எறிந்து கன்னத்தில் போட்டுக்கொள்வார். கிருஷ்ணையில் எறிந்த காசு பாலத்து இரும்பில் பட்டுத் தண்டவாளத்திலேயே விழுந்துவிட, மனம் பொறாமல் இன்னொன்றையும் எறிந்தார்.

நாகபுரி தாண்டியபின் மூட்டையின் ஒரு மூலை நைந்து, மணல் இருக்கையில் சிந்திவிட்டது. பெரியவர் பதறவில்லை. கட்டுச்சோறு பொதிந்திருந்த வாழைச்சருகில் ஒரு துண்டு கிழித்து, அதன் ஓரத்தால் மணலை மெல்ல ஒதுக்கிக் கூட்டி, தம் துண்டின் முனையில் முடிந்துகொண்டு, "தம்பி, உங்க வேட்டியிலே ஒட்டியிருக்கான்னு பாருங்க" என்றார். எழுந்து உதறி, கிடைத்ததை ஒப்படைத்தேன்.

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் துபாஷியாயிருந்த ஏனுகுல வீராஸ்வாமி 1830-இல் பரிவாரத்தோடு காசிக்குப் புறப்பட்டுத் திரும்பிவர 15 மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அந்த யாத்திரையைத் தெலுங்கில் எழுதியும் வைத்தார். நானோ, கொண்டுவந்த புளியோதரை இரண்டாம் நாளே அலுத்துவிட்டதென்று முணுமுணுத்தேன். சிரமம் குறைந்தால் புண்ணியமும் குறையும் என்று வாதிப்பவர்கள் உண்டு. இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஆச்சி முழங்காலை நிமிர்த்த எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கண்டவன் அந்தக் கட்சியில் சேரமாட்டான்.

நர்மதைக்கு ஒரு காசு போட்டாயிற்று. பிரயாகையில் அவர்கள் இறங்கிக்கொண்டார்கள். வண்டி நகர்ந்த பிறகு பார்த்தால், இருக்கைத் தையலின் இடுக்கில் ஏழெட்டு மணல்கள் மின்னின. கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

காசியில், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்வதும், பாரதியார் இளமையில் சில ஆண்டுகள் வசித்ததுமான அனுமான் கட்டத்துப் படியில் முழுகி எழுந்து, அந்த மணலைக் கங்கையில் விட்டேன். அருகே ஜபம் செய்துகொண்டிருந்த புரோகிதர் விவரம் கேட்டறிந்து, "சேது மணலைப் பிரயாகையிலேன்னா விடணும்? இங்கே கொண்டுவந்து விட்டுட்டேளே!" என்று கடிந்துகொண்டார். சாஸ்திரம் அவர் பக்கந்தான். மணலோ அதற்குள் போய்விட்டிருந்தது.