அம்மாவுக்குத் தெரியாமல் ஆடியவை

எங்கள் வீட்டில் ‘கேம்’ என்பது கெட்ட வார்த்தை. அக்காவின் கணவர் போனில் ரம்மி ஆடத் தொடங்கிய பிறகு அப்படி ஆனது. முதலில் அக்காவின் வளையல் அடகுக்குப் போனது, பிறகு செயின், கடைசியில் குழந்தைக்கு நாங்கள் போட்ட அரைஞாண். மாமா ஆடினார், அக்கா, அம்மா, நான் மூன்று பேரும் அடைத்தோம். வட்டிக் காசு முழுக்க அம்மாவுடையது. விடிவதற்கு முன்னே பொம்மையார்பாளையத்தில் ஷேர் ஆட்டோ ஏறி, புதுச்சேரி மார்க்கெட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்து சேர்த்த காசு.

2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. டிவியில் அந்தச் செய்தி வந்தபோது அக்கா அழுதாள். நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமைக்கான ஆட்டங்கள், அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. இந்த முறை அக்கா சிரித்தாள். “திறமையாம்டி. உங்க மாமாவோட திறமைய நான் பாத்துட்டேன்.”

அதே வருடம்தான், அதே வீட்டில், நான் என் வாழ்க்கையிலேயே அதிகமாக விளையாடினேன். காசு கட்டி ஆடும் ஆட்டங்கள் இல்லை. ஆனாலும் ஒளிந்துதான் ஆடினேன். காசு போகாவிட்டாலும் நேரம் போகிறதே! எங்கள் வீட்டில் பெண்ணின் நேரத்துக்கு எப்போதும் யாராவது சொந்தக்காரர் இருப்பார்.

தம்பிக்கு இந்தத் தொல்லை கிடையாது. சாயங்காலமானால் கரையில் ஏற்றிவைத்த படகு நிழலில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து பிஜிஎம்ஐ ஆடுவான். 2020-ல் பப்ஜியைத் தடை செய்தார்கள், அடுத்த வருடம் அது இந்தப் பெயரில் வந்தது, 2022-ல் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. வந்த அன்று ஊர்ப் பையன்கள் எல்லோரும் சேர்ந்து கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நானும் அன்றிரவே இறக்கிக்கொண்டேன். ஆண் பெயர், மைக் அணைத்திருக்கும். நன்றாகவே சுடுவேன். ஒருநாள், பின்னால் எதிரி நிற்கிறான் என்று சொல்ல வேறு வழியில்லாமல் மைக்கைப் போட்டேன். என் குரல் கேட்டதும் ஒருவன் இன்ஸ்டா ஐடி கேட்டான். இன்னொருவன், “கிச்சனுக்குப் போ” என்றான். அந்த எதிரியைச் சுட்டுக் கொன்றது நான்தான். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ராஜி என்ற விளையாட்டு 2020-ல் வந்தது. புனேவில் ஒரு சிறிய குழு உருவாக்கியது. எனக்கு 2023-ல்தான் கிடைத்தது. அசுரர்கள் தூக்கிக்கொண்டு போன தம்பி கோலுவைத் தேடி அக்கா ராஜி கோட்டை கோட்டையாகத் தாவிப் போகிறாள். தாவுவதும் சுழல்வதும் அவ்வளவு அழகு. ஆனால் அக்கா தம்பிக்காக உயிரைக் கொடுத்து ஓடும் கதையை எங்கள் வீட்டிலேயே தினமும் பார்க்கிறேன்.

அந்த வருடத்தில் என் மனதைப் பிடித்துக்கொண்டது வெண்பா. ஜூலை கடைசியில் வந்தது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 2024-ல் அதற்குப் பாஃப்டாவில் அறிமுக விளையாட்டுக்கான விருதும் கிடைத்தது. தோழி ஒருத்தி என் லேப்டாப்பில் ஏற்றிக் கொடுத்தாள். 1980-களின் கடைசியில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் என்ற தம்பதி, அவர்களுக்குப் பிறக்கும் கவின் என்ற மகன். வெண்பாவிடம் அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு இருக்கிறது. அதில் பல இடங்கள் அழிந்தும் கிழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்டதை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். சமையலறைக்குப் போ என்று ஒருவன் துரத்தினால் கோபம் வருகிறது. இந்தச் சமையலறைக்கு நானே இரவு பதினொரு மணிக்கு மேல் ஆசையாகப் போய்க்கொண்டிருந்தேன்.

முதல் சமையல் இட்லி. இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவை முயலும்போது பின்னால் அம்மா நின்றார்.

“நீயுமாடி?”

அந்த ஒரு வார்த்தையில் அக்காவின் வளையல், செயின், அரைஞாண் எல்லாம் இருந்தது. காசு இல்லம்மா, சத்தியமா காசு இல்ல என்று உளறினேன். அம்மா திரையைக் குனிந்து பார்த்தார்.

“இன்னாடி இது, இட்லி குண்டானா?”

“ஆமாம்மா.”

“பகலெல்லாம் ஆக்கிப் போட்டது பத்தாதுன்னு ராத்திரியில இதுலயும் ஆக்குறியா?”

இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போதும் இல்லை. இந்தச் சமையலில் பாத்திரம் கழுவ வேண்டாம், உப்பு இல்லை என்று தட்டை யாரும் தள்ள மாட்டார்கள், தப்பாகச் செய்தால் திரும்பச் செய்யலாம் என்று சொன்னேன். அம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. அவர் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“குழிக்கு நேர் மேல குழிய வெச்சா ஆவி எப்படி ஏறும்? திருப்பி வைடி.”

திருப்பி வைத்தேன். வெந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். தானே நகர்த்திப் பார்க்க விரலை வைத்தார். செதிலும் முள்ளும் கீறிக் காய்த்துப்போன விரல்; டச்பேடு அதை விரலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் நகர்த்தினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது, குறிப்பு நோட்டு அவருக்குத் தேவையும் இல்லை. “இதுல மீனு கெடையாதா?” என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். வளர்ந்த மகனுக்காக வெண்பா விருந்து சமைத்துவிட்டுக் காத்திருக்கும் காட்சி வந்தபோது, “அவன் வர மாட்டான்” என்றார், வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டே.

எனக்கு வெண்பாவின் மேல் ஒரு குறை உண்டு. அவள் அம்மாவாக இல்லாத நேரத்தில் என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், அது போதுமான அளவு கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில்தான், “நீ சின்ன வயசுல இன்னாம்மா ஆடுவ?” என்று கேட்டேன். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்கிறேன்.

தாயமாம். கரையில் மணலில் கட்டம் கீறி, ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையை உருட்டி, படகு வரும்வரை ஆடுவார்களாம். பெரிய பெண்களும் உட்காருவார்களாம்.

“கடைசியா எப்போ ஆடுன?”

“உங்கக்கா வயித்துல இருக்கும்போது.”

எந்த இடத்தில் என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். எங்கள் ஊரில் கடல் கரையை அரித்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அம்மா கட்டம் போட்ட மணல் இப்போது தண்ணீருக்குள்.

மணி பன்னிரண்டரை ஆகியிருந்தது. மூன்று மணிக்கு அவர் எழுந்திருக்க வேண்டும். பாயை விரித்துப் படுத்தவர் திரும்பிப் படுத்துக் கேட்டார்.

“அந்தப் பையன் அம்மாவப் பாக்க வரானா இல்லியா?”

“நாளைக்குப் பாக்கலாம்மா.”

“பதினோரு மணிக்கு எழுப்பு. உங்கக்கா கிட்ட சொல்லிடாத.”