8 கே 12

அப்பா இறந்து நாலு மாசம் கழித்துத்தான் ஸ்டோர் ரூமைத் திறந்தோம். உட்லண்ட்ஸ் வீவக வீட்டில் அந்த ஒரு அறை முழுக்க அவருடையது. அவர் லாரி மெக்கானிக். சுங்கை ரோட்டுத் திருடர் சந்தை 2017 ஜூலை 10-ஆம் தேதி மூடப்படும்வரை, ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் பசியாறிவிட்டு அங்கே நடந்துபோவார். திரும்பி வரும்போது கையில் ஏதாவது பழைய இரும்பு இருக்கும். அம்மா திட்டுவார். அப்பா அதை பிஸ்கட் டின்னில் வைத்து, மூடியில் மார்க்கரால் பெயர் எழுதி அடுக்கிவிடுவார்.

ஒரு மூடியில் ‘69 மஸ்டாங். ஒரிஜினல்’ என்று இருந்தது. உள்ளே ஒரு பிரேக் மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் எண்ணெயை அழுத்தி நாலு சக்கரத்துக்கும் அனுப்புவது இதுதான். 1967-லிருந்து மஸ்டாங்கில் இதற்கு இரண்டு அறைகள். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. ஒரு பக்கம் ஒழுகினாலும் மறுபக்கம் வண்டியை நிறுத்தும்.

அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் ஜோகூர் பாருவில் இருக்கிறார். பழைய மஸ்டாங் வைத்திருப்பவர். போனில் சொன்னார்: “தம்பி, அப்பா அதை என்கிட்ட காட்டியிருக்காரு. என் வண்டி 1968 அக்டோபர் 28-ல செஞ்சது. கதவுத் தகட்டுல இருக்கு. சாமான் நிஜமாவே ஒரிஜினல்னா நல்ல விலை தரேன்.”

பழைய கார் பிரியர்களுக்கு ‘ஒரிஜினல்’ என்றால் ஃபோர்டு செய்தது என்பது மட்டும் போதாது. அந்த வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் அதில் இருந்திருக்கக்கூடிய பாகமாக இருக்க வேண்டும். அதற்குச் சாட்சி வார்ப்பில் இருக்கும் எழுத்துகள்தான். கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தேன். துருவுக்கு அடியில் 8 கே 12 தெரிந்தது.

முதலில் ஆண்டு, அடுத்து மாதம், கடைசியில் தேதி. விரல் விட்டு எண்ணினேன். கே பதினோராவது எழுத்து. அப்படியானால் 1968 நவம்பர் 12. வண்டி பிறந்து இரண்டு வாரம் கழித்து வார்த்த சிலிண்டர் அந்த வண்டியில் எப்படி இருந்திருக்கும்? போதாக்குறைக்கு, அப்பா 69 என்று எழுதியிருக்கிறார், இரும்பு 68 என்கிறது. “அது இல்லண்ணே” என்று செய்தி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர். நான் இங்கேயே பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்தவன். அவர் எழுதியது தப்பு என்று முடிவுகட்ட எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

மறுபடி உட்கார்ந்து தேடிப் படித்தேன். ஃபோர்டின் மாதக் கணக்கில் ஐ என்ற எழுத்தே கிடையாது. ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்று அதைத் தாண்டிவிடுவார்கள். ஜே செப்டம்பர், கே அக்டோபர். ஷெவர்லே வார்ப்புகளில் ஐ உண்டு, அங்கேதான் கே நவம்பர். இது அக்டோபர் 12. வண்டிக்குப் பதினாறு நாள் முன்னால். இன்னொரு பக்கம் சி, 9 என்று தொடங்கும் எண் இருந்தது. சி என்றால் அறுபதுகள், 9 என்றால் 1969 மாடலுக்காக வரைந்தது. 69 மாடல் வண்டிகளை 68 ஆகஸ்டிலேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அடுத்த சனிக்கிழமை கடற்பால நெரிசலைத் தாண்டி வந்தார். சிலிண்டரைக் கையில் வாங்கியதும் கேட்டார்: “அப்ப ஒரிஜினல்தான்னு ஒரு தாள்ல எழுதிக் கொடு தம்பி. இன்ஜினியர் கையெழுத்துன்னா மதிப்பு.”

இரட்டிப்பு விலை சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தேதி பொருந்துதுண்ணே, அவ்வளவுதான். உங்க வண்டியிலேயே இருந்ததுன்னு எழுத முடியாது. இன்னொண்ணு, இதை இப்படியே மாட்டாதீங்க.” உள்துளையில் விரல் நகத்தை ஓட்டிக் காட்டினேன். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஐம்பது வருஷ ஈரத்தில் இரும்பு குழிகுழியாக அரித்திருந்தது. ரப்பர் வாஷர் அந்தக் குழிகளில் உரசிக் கிழியும், எண்ணெய் ஒழுகும். உள்ளே எஃகுக் குழாய் செருகிக் கடைந்தால்தான் ஓட்டலாம். இல்லாவிட்டால் புதியதை மாட்டிக்கொண்டு இதை அலமாரியில் வைக்கலாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “உங்கப்பாவா இருந்தா எழுதிக் கொடுத்திருப்பாரு” என்றார்.

எழுதியிருக்கத்தான் செய்தார், மூடியில். ஆனால் அப்பாவின் அகராதியில் ‘ஒரிஜினல்’ என்றால் கம்பெனிச் சாமான், இமிடேஷன் இல்லை. அவ்வளவுதான் பொருள். அவரும் நானும் ஒரே உண்மையைத்தான் சொல்கிறோம் என்று அவருக்கு விளக்கத் தோன்றவில்லை.

முதலில் சொன்ன விலையில் பாதி கொடுத்தார். எழுந்தபோது டின்னையும் மூடியையும் சேர்த்து எடுத்தார்.

“மூடி வேணாம்ண்ணே” என்றேன். “அது எங்களுது.”