பச்சைமலையில் ஒரு பகல்

எங்கள் செட்டிகுளத்துக் குன்றின்மேல், கரும்பேந்திய முருகன் சந்நிதிக்கு வெளியே நின்று வடமேற்கே நோக்கினால், வானம் தெளிந்த நாளில் பச்சைமலை நீலக் கோடாய்த் தெரியும். சிறு வயது முதல் பார்த்த மலைதான். ஆனால் அதன்மேல் ஊர்கள் உண்டு, அங்கிருந்து ஒருவன் வந்து வகுப்பில் என் பக்கத்தில் அமர்வான் என்று நான் எண்ணியதே இல்லை.

ஊருக்குப் போய்த் திரும்பும் திங்கட்கிழமைதோறும் அவன் அவித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டு வருவான். வேப்பமரத்தடியில் எல்லோரும் பங்கிட்டுத் தின்றோம். தின்றுகொண்டே அவனுக்குக் 'கிழங்கு' என்று பட்டப்பெயரும் வைத்தோம். 'வைத்தோம்' என்று எழுதுவது கோழைத்தனம். வைத்தவன் நான்.

பொங்கலுக்குப் போனவன் மூன்று வாரமாகியும் திரும்பவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டும் கடைசி நாள் நெருங்கியது. என்னால்தான் வரவில்லையோ என்ற எண்ணம் குடையத் தொடங்கியது. ஒரு ஞாயிறன்று, எங்கள் பட்டறையிலிருந்து மூன்று கிலோ சின்ன வெங்காயத்தைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

துறையூரில் மலைப்பேருந்து பிடித்தேன். சோபனபுரம் தாண்டியதும் ஏற்றம். வளைவுக்கு வளைவு காற்று குளிர்ந்தது. இறங்கிய ஊரின் பெயர் டாப் செங்காட்டுப்பட்டி. மலைமேல் ஆங்கிலமும் தமிழும் கைகோத்து நிற்பதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அங்கிருந்து ஒரு மணி நேர நடை. இருபுறமும் முந்திரியும் மரவள்ளியும்.

அவன் காட்டில் கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "வழி எப்படித் தெரிஞ்சுது?" என்றான். அவ்வளவுதான். நானும் ஒரு செடியைப் பிடித்து இழுத்தேன். தண்டு கையோடு வந்தது; கிழங்கு மண்ணுக்குள்ளேயே நின்றது. அவன் அம்மா வாய்பொத்திச் சிரித்தார்.

அவன் தந்தை பலாமரத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, கட்டுப் போட்டுத் திண்ணையில் கிடந்தார். அவர்கள் மலையாளி வகுப்பினர், பேசுவது தமிழே. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள். "உங்க ஊருச் சாமி பேரும் ஏகாம்பரேசுவரர்தானே தம்பி? அப்ப நமக்குள்ள ஏதோ ஒட்டு இருக்கு" என்றார் அந்தப் பெரியவர். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் உண்டோம். நான் கொண்டுபோன வெங்காயம் அந்தக் குழம்பிலேயே சேர்ந்துவிட்டது.

சாப்பிட்டபின் பெரியவர், "ஆலைக்காரன் பாயிண்ட், பாயிண்ட் என்று விலையைக் குறைக்கிறானே, அது என்ன கணக்கு?" என்று என்னிடம் கேட்டார். சவ்வரிசி ஆலைகளில் கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் சொல்வார்கள். நான் விழித்தேன். நண்பன் விளக்கினான்: ஐந்து கிலோ கிழங்கை நீருக்குள் அமிழ்த்தி மீண்டும் நிறுப்பார்கள். மாவு மிகுந்த கிழங்குக்கு அடர்த்தி அதிகம். ஆகவே நீருக்குள்ளும் எடை கூடுதலாய்க் காட்டும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்! அதற்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். ஆய்வகத்தில் மெதுவாய்ச் செய்கிறான் என்று நாங்கள் கேலி செய்தது அவனை.

மாலைப் பேருந்துக்கு வழியனுப்ப வந்தான். பாதி வழியில், "நான் வைத்த பெயருக்காகத்தான் வராமல் இருந்தாயோ என்று நினைத்தேன்" என்றேன்.

"அப்பா கால்தான் காரணம். கிழங்கைப் பிடுங்கி அனுப்பிட்டு வருவேன்" என்றான். என் நெஞ்சு இலேசானது. நான்கு அடி நடந்தபின், "ஆனா அந்தப் பேரு எனக்குப் பிடிக்காது" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தான், மன்னித்ததாகவும் கொள்ளலாம், பேருந்து வருகிறது என்றதாகவும் கொள்ளலாம். கட்டண விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு, பணத்தை எண்ணிக் கொடுத்தான். ஒரு சிறு மூட்டைக் கிழங்கையும் என் தோளில் ஏற்றினான். அதற்கு நடத்துநர் சுமைக்கட்டணம் வாங்கினார்.

மறுநாள் மதியம் வேப்பமரத்தடியில், என் அம்மா அவித்துக் கொடுத்த கிழங்கைப் பிரித்தேன். "யாருடா கொடுத்தது? கிழங்கா?" என்றான் ஒருவன்.

அவன் பெயரைச் சொன்னேன்.