பின்னால் எரியும் விளக்கு

ஆக்ராவில் தாஜ்மகாலைச் சுற்றி 500 மீட்டர் தொலைவுக்குள் பயணிகளின் பெட்ரோல், டீசல் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. புகை வெண்பளிங்கின் நிறத்தைக் கெடுக்கும் என்பதே காரணம். ஆதலால் மக்கள் மின்கல வண்டிகளில் செல்வர். கோல்ஃப் வண்டி எனப்படும் சிறு வண்டிகளும் அவ்வூரில் ஓடுகின்றன. அவற்றின் கடைசி இருக்கையில் அமர்வோர் பின்புறம் நோக்கியே பயணம் செய்வர்.

அந்நகரில் என் தந்தையார் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றை நடத்தி வந்தார். நான் ஒன்பதாம் வகுப்பில் பயின்ற ஆண்டு, கோடை விடுமுறையில் அவருக்கு உதவியாக இருந்தேன். ஒருநாள் ஓட்டுநர் ஒருவர் தம் கோல்ஃப் வண்டியைக் கொண்டுவந்தார். பிரேக் விளக்குகள் இரண்டும் எரியவில்லை. முதல்நாள் அவர் வண்டியைச் சட்டென நிறுத்தியபோது, பின்னால் வந்த வண்டி மோதும் அளவுக்கு நெருங்கிவிட்டதாம். கடைசி இருக்கையில் ஒரு மூதாட்டி கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்தாராம். அச்சம் நீங்காத ஓட்டுநர், “விளக்கு, கம்பி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்” என்று வேண்டினார். அச்செலவு அவருடைய பல நாள் வருவாயை விழுங்கிவிடும்.

“முதலில் பார்ப்போம்; பிறகு மாற்றுவோம்” என்றார் அப்பா. என்னை வண்டியின் பின்னால் நிறுத்தினார். “ஓட்டுபவர் தம் பிரேக் விளக்கைக் காண முடியாது. நீ கண்டதை மட்டும் சொல்” என்றார்.

அவ்வண்டியில் 8 வோல்ட் மின்கலங்கள் ஆறு தொடராக இணைக்கப்பட்டு 48 வோல்ட் தந்தன. ஒரு கருவி அதனை விளக்குகளுக்காக 12 வோல்ட்டாகக் குறைத்தது. இரவு விளக்குகள் நன்கு எரிந்தன. எனவே அக்கருவியில் குறையில்லை. ஒவ்வொரு பல்பிலும் இரவுக்கு ஓர் இழை, பிரேக்குக்கு ஓர் இழை. இரண்டுக்கும் எர்த் கம்பி ஒன்றே. ஆகவே எர்த் கம்பியும் சரியே. இரு பல்புகளிலும் பிரேக் இழை ஒரே நேரத்தில் அறுவது அரிது. இரண்டுக்கும் பொதுவான வழியில்தான் பழுது இருக்க வேண்டும். அப்பா பியூசைச் சோதித்தார், அது அறுபடவில்லை. எஞ்சியது கால்மிதியின் அருகிலிருந்த சுவிட்சு.

மிதியை அழுத்தியபடி மல்டிமீட்டரை வைத்தார். சுவிட்சுக்குள் செல்லும் கம்பியில் 12 வோல்ட் இருந்தது. வெளிவரும் கம்பியில் ஒன்றுமில்லை. அவ்விரு கம்பிகளையும் சிறு கம்பித் துண்டால் இணைத்தார்.

“எரிகிறது, அப்பா! இரண்டும் எரிகின்றன!” என்று கூவினேன்.

சுவிட்சின் முளை தூசியும் பிசுக்கும் படிந்து உள்ளேயே சிக்கியிருந்தது. சிக்கிய சுவிட்சை மீண்டும் நம்பலாகாது என்று கூறி, அப்பா புதியதொன்றைப் பொருத்தினார். பத்து முறை மிதித்துப் பார்த்த பின்னரே வண்டியை ஒப்படைத்தார். ஒரு சிறு சுவிட்சின் விலையும் கூலியும் மட்டுமே பெற்றார்.

“துணைக்கு ஆளில்லாத நாளில் என்ன செய்வது?” என்று ஓட்டுநர் வினவினார்.

“மாலையில் வண்டியின் பின்புறத்தைச் சுவரருகே நிறுத்தி, பிரேக்கை மிதித்துத் திரும்பிப் பாருங்கள். சுவரில் செவ்வொளி விழ வேண்டும்” என்றார் அப்பா.

முன்விளக்கு நமக்கு வழிகாட்டுகிறது. பின்விளக்கோ பிறரைக் காக்கிறது. அவ்வழியே நம்மையும் காக்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அவ்விளக்கை நாமே தேடிச் சென்று பார்த்தல் வேண்டும்.