பன்னீர் மணக்கும் பச்சை மலை

கலியாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்பை ஏந்தி விருந்தினரை வரவேற்கிறோம். அந்தப் பன்னீர் எப்படி வடிக்கப்படுகிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வாருங்கள், பன்னீர் வடிக்கும் மலையூர் ஒன்றுக்குப் போய்வருவோம்.

ஓமான் என்றதும் பாலைவனமே நம் கண்முன் வரும். ஆனால், நிஸ்வா நகருக்கு அண்மையிலுள்ள பிர்கத்துல் மௌஸிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் உலகமே மாறிவிடும். இதுதான் ஜபல் அக்தர், அதாவது பச்சை மலை. மேலேயுள்ள ஸைக் சமவெளி சுமார் 2000 மீற்றர் உயரமானது. நம் நுவரெலியாவை விடவும் சற்று உயரம். அல்-அக்ர், ஷுரைஜா போன்ற கிராமங்கள் மலைவிளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் கீழே கல்லடுக்கி மண் நிரப்பிய படிவயல்களில் மாதுளையும் ரோஜாவும் வளர்கின்றன.

மார்ச் இறுதி முதல் மே தொடக்கம் வரை ரோஜாக்காலம். விடியற்காலையில் பறித்த இதழ்களை மண்ணடுப்பிலுள்ள பானையில் இட்டு, உள்ளே ஒரு சிறு பாத்திரத்தை வைத்து, மேலே குளிர்நீர்ச் சட்டியால் மூடுகிறார்கள். ஆவி சட்டியின் அடியில் பட்டு, துளித்துளியாகப் பாத்திரத்தில் விழுகிறது. அதனால் இவ்வூர்ப் பன்னீரில் இலேசான புகைமணமும் இருக்கும்.

இத்தனைக்கும் உயிர் 'ஃபலஜ்' என்னும் வாய்க்கால். பங்கிடுதல் என்ற பொருள் இச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. முதலில் குடிநீர், பின்பு பள்ளிவாசல், அதன்பின் வயல் என்பது ஒழுங்கு. வயலுக்குரிய நேரத்தைப் பகலில் நிழலாலும் இரவில் நட்சத்திரங்களாலும் அளந்து வந்தார்கள். பிர்கத்துல் மௌஸின் கத்மைன் உட்பட ஓமானின் ஐந்து ஃபலஜ்கள் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன.

1957 முதல் 1959 வரை நடந்த போரில் பிரித்தானிய விமானங்கள் இம்மலையில் குண்டு வீசின. அதையும் தாங்கிய படிவயல்களுக்கு இப்போது மழைக்குறைவும் ஆளில்லாமையும் சோதனையாகிவிட்டன. எனக்கு வழிகாட்டிய முதியவர் வெடித்துக் கிடந்த ஒரு வயலைக் காட்டி, "இது என் சாச்சாவின் பங்கு. பிள்ளைகள் எல்லோரும் மஸ்கட்டில்" என்றார். பிறகு குனிந்து, தன் வயலின் மடையை அடைத்து, நீரை அடுத்தவர் வயலுக்குத் திருப்பிவிட்டார். அவருடைய நேரம் முடிந்திருந்தது.

சகோதரிகளே, அடுத்த முறை பன்னீர்ச் செம்பைக் கையிலெடுக்கும்போது அந்த முதியவரை நினைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கிணற்றடியிலும் குழாயடியிலும் நமக்குப் பின்னால் ஒருத்தி குடத்தோடு காத்திருக்கிறாள் அல்லவா?